நான்கு டிஸ்க்கும் ஒரு கலியாணமும்

கலியாண வீடியோ எடுப்பவனுக்கு ஹார்ட் டிஸ்க் எத்தனை இருந்தாலும் போதாது. என் மேசையில் நான்கு கிடந்தன. எந்தக் கலியாணம் எதில் என்று தேடி, வயரைக் கழற்றி மாட்டியே விசர் பிடித்துவிட்டது. கடைசியில் ஒரு மென்பொருளைப் போட்டு நான்கையும் ஒன்றாக்கினேன். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பெரிய டிரைவ்தான் தெரிந்தது. உள்ளே ஒவ்வொரு வீடியோவும் துண்டு துண்டாக நான்கிலும் பரவிக் கிடக்கும். ஒன்று போனால் எல்லாம் போச்சு. ஆனால் மேசையை விட்டு அவை எங்கே போகப்போகின்றன?

அந்த வாரம் அதில் ஏற்றியது டவுன் தேவாலயத்தில் எடுத்த ஒரு கலியாணம். பெண்ணின் தாய் மூதூரில், இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். மகளின் கலியாணத்துக்கு வரவே முடியவில்லை. போனில் படங்கள் பார்த்துவிட்டார். மகள் நடந்து வருவதைப் பார்க்கவும், வாக்குக் கொடுக்கும்போது அவள் குரலைக் கேட்கவும்தான் வீடியோ வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன். கேமரா கார்டு அடுத்த கலியாணத்துக்குத் தேவைப்பட்டதால் அதைத் துடைத்துவிட்டேன்.

சனிக்கிழமை கம்ப்யூட்டரைப் போட்டால் டிரைவைக் காணோம். மேசையில் மூன்று டிஸ்க்தான் இருந்தன.

"அண்ணைக்குக் குடுத்தனான்" என்றாள் மனைவி. லண்டனிலிருந்து வந்து உப்புவெளியில் தங்கியிருந்த அவளுடைய அண்ணன், கடற்கரைப் படங்களை இறக்கி வைக்க ஒரு டிஸ்க் கேட்டாராம். அவர் கேட்காமலே கருவாடும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொடுக்கிறவள், கேட்டதை மறுப்பாளா?

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"ஏனப்பா கத்துறீங்கள்? உங்கட கம்ப்யூட்டரில ஒண்டுதானே காட்டுது. மிச்சம் மூண்டும் சும்மா கிடக்குதெண்டு நினைச்சன்."

உடனே மச்சானுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், அந்த டிஸ்க்கை ஒரு கம்ப்யூட்டரிலயும் குத்திப்போடாதேங்கோ."

"குத்திட்டனே. ஃபோர்மட் பண்ணட்டோ எண்டு கேட்டுது, ஓம் எண்டு குடுத்தன். இப்ப படமெல்லாம் வடிவா ஏறிட்டுது. நல்ல டிஸ்க், மச்சான்."

உப்புவெளிக்குப் போய் அதை வாங்கி, டவுனில் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் நான்கையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்னேரம் வரை பார்த்துவிட்டு, "ஏலாது அண்ணை" என்று கையை விரித்தார். மென்பொருளையும் மச்சானையும் மனைவியையும் மாறி மாறித் திட்டினேன். மணப்பெண்ணுக்குப் போனில் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு, "அம்மாவிட்ட என்னால சொல்லேலாது. நீங்களே போய்ச் சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூதூருக்குப் போனேன். டிவியைக் கட்டிலுக்கு நேரே திருப்பி வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்துச் சனத்துக்கும் கதிரை போட்டிருந்தது. என் கையில் ஹெல்மெட் மட்டும்தான் இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா தலையணையில் சாய்ந்து எழும்பி, "பொறுங்கோ தம்பி, யன்னலைச் சாத்தச் சொல்லுறன்" என்றார். "அப்பத்தான் பிள்ளையின்ர முகம் வடிவாத் தெரியும்."