முதலாளியின் ஆரோக்கியம்

இஸ்திரிக்காரருக்குத் தன் உடம்பைப் பற்றிக் கவலை கிடையாது. முதலாளி தும்மினால்தான் கவலை. சலவைக்கடையில் முதலாளி ஏணியில் கால் வைத்தால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வார். மழை பெய்தால் குடையோடு வாசலில் நிற்பார். பார்த்தவர்கள் விசுவாசம் என்றார்கள். உண்மை மனைவிக்குத் தெரியும்.

"எனக்கு மூணு நாள் காய்ச்சல் அடிச்சுது. நெத்தியைத் தொட்டுப் பார்த்தீங்களா?"

"உன் பேர்லயா நமக்கு விசா வந்திருக்கு?"

விசா கடையின் பெயரில் வந்தது. கடை இருக்கும்வரை இவர்; இவரை ஒட்டிக்கொண்டு மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளும். கடை மூடினால் இரண்டு மாதத்துக்குள் மூவரும் இந்த நாட்டை விட்டு மூட்டை கட்ட வேண்டும். ஐந்து வருடம் ஒரே கடையில் ஓட்டிவிட்டால் நிரந்தர அனுமதி கிடைக்கும். அப்புறம் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். அதற்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

இதெல்லாம் முதலாளிக்குத் தெரியாது. வருடத்துக்கு ஒரு தடவை இஸ்திரிக்காரர் விசாத் தாளை சோப்புத்தூள் ரசீதுகளுக்கு நடுவே செருகி நீட்டுவார். முதலாளியும் கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். கயிறு கையில் இருப்பது தெரிந்தால் யாருக்கும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கத்தானே தோன்றும்?

ஒரு திங்கட்கிழமை முதலாளி முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"மாசக் கடைசியோட கடையை மூடிடலாம்னு இருக்கேம்ப்பா. மக வந்துடு வந்துடுங்கறா. உனக்கென்ன, கையில தொழில் இருக்கு. எங்கே போனாலும் பொழைச்சுக்குவே."

இஸ்திரிக்காரர் சட்டைக் காலரில் வைத்த பெட்டியை எடுக்க மறந்து நின்றார். கருகிய வாசனை வந்தது. அந்தக் கடையில் அவர் கருக்கிய முதல் சட்டை அது.

சாயங்காலம் மனைவி கேட்டாள்.

"அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"காலர் போச்சு சார்னு சொன்னேன்."

"ரொம்ப அழகு. நாளைக்காவது வாயைத் திறந்து நம்மளைப் பத்திப் பேசுங்க. முதல்ல பெட்டியைக் கீழ வச்சிடுங்க."

மறுநாள் சொல்லிவிட்டார். முதலாளி விசாத் தாளை வாங்கி, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் தடவையாகப் படித்தார்.

"நான் மூடினா நீ நாட்டை விட்டே போகணுமா?"

"ஆமா சார்."

"உன் பொண்ணுமா?"

"அவளுந்தான் சார்."

"அடப்பாவி! நீ எங்கே வேற கடைக்கு ஓடிடுவியோன்னு பயந்து இத்தனை வருஷமா உன்கிட்ட ஒரு வார்த்தை உரக்கப் பேசினதில்லையே நான்!"

தாளை மடித்து மேஜையில் வைத்தார்.

"ஏழு மாசம்தானே. முழங்காலைப் பொறுத்துக்கச் சொல்றேன். மகளையும்தான்."

இஸ்திரிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைப்பதற்குள் முதலாளி தொண்டையைச் செருமினார்.

"ஞாயித்துக்கிழமையும் திறந்தா என்ன? ஆளுங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் வரமாட்டேன், நீ பார்த்துக்கோ."

இத்தனை வருடத்தில் முதலாளி ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டதேயில்லை.

"சரி சார்," என்றார் இஸ்திரிக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலேயே சேதியைச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து. மனைவி சுவரில் சாய்ந்து நின்று ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகுதான் சிரிப்பு வந்தது.

"நல்லவேளை, கடவுள் வாரத்தை ஏழு நாளோட நிறுத்தியிருக்காரு."