அண்ணே, எடுத்தாச்சா?

"அண்ணே, எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, சுவர் சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி நிற்கிறார் கடைசல்காரர். பட்டறையில் வேறு யாரும் இல்லை. அவர் கேட்கும் அண்ணன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. கொஞ்சம் பொறுத்து, "சரிண்ணே" என்று சொல்லிச் சுவிட்சைத் தட்டுகிறார். லேத் உறுமிக்கொண்டு சுழல ஆரம்பிக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தக் கட்டிய கொட்டகைதான் பட்டறை. கார் வாங்கும் யோகம் வரவில்லை, லேத்துதான் வந்தது. அண்ணனும் தம்பியுமாக அதில் தண்டு, புஷ், கப்பி என்று கடைந்து கொடுத்தார்கள். இரும்பை லேத்தின் சுழலும் பிடியான சக்கில் பொருத்தி, சாவி போட்டு இறுக்குவது அண்ணன். அந்தக் கனத்த சாவியை எடுக்காமல் மெஷினை ஓட்டினால், அது தெறித்து யார் மண்டையைத் தேடிப் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் சுவிட்சடியில் நிற்கும் தம்பி கேட்பார். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அண்ணன் "எடுத்தாச்சு" என்பார். முழங்கை தெரியாமல் பட்டுவிடக் கூடாதென்று சுவிட்சைத் தூரத்தில் வைத்தது அண்ணன்தான். இரும்புச் சீவல் தெறிக்காமலிருக்கச் சக்கைச் சுற்றித் தகரத் தடுப்பு அடித்ததும் அவரேதான். ஆக, சுவிட்சடியில் நின்று பார்த்தால் தகரம் தெரியும். சக்கும் தெரியாது, ஆணியும் தெரியாது.

மற்றபடி கடைசல்காரர் சரியான பயந்தாங்கொள்ளி. கல்யாண மோதிரம் சமையலறை ஆணியில்தான் தொங்கும். முழுக்கைச் சட்டை உடம்பில் ஏறாது. லேத்தடியில் கையுறை என்றால் எரிந்து விழுவார்: "உறையோட சேத்துக் கையையும் இழுத்துக்கும், தெரியுமா?" உள்ளே வரும் பூனையைக்கூட, "கண்ணாடி போடாம எங்க வர்றே?" என்று விரட்டுவார். காது விஷயத்தில் மட்டும் மனிதர் ஏமாந்துவிட்டார். இரும்பு தீட்டும் கிரைண்டரின் கூச்சலில் அதை அடைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

செத்தவரோடு பேசும் புருஷனை வைத்துக்கொண்டு அவர் மனைவி என்ன செய்வாள்? ஆளுக்கு மறதி வேறு கூடிக்கொண்டே வந்தது. ஒருநாள் சாவி தெறித்து இவரையும் கொண்டுபோய்விடும் என்கிற பயம் அவளை விடவே இல்லை.

"சுவிட்சை மெஷின்கிட்டயே மாத்திடலாங்க. எலக்ட்ரீசியன் வந்தா அரை நாள் வேலை."

"மாத்திட்டா அப்புறம் அண்ணனுக்கு என்ன வேலை?"

"என்னங்க பேசறீங்க?"

"அவர் சொல்லலேன்னா நான் போடவே மாட்டேன். சுத்திப் போய்ப் பாத்தா, சாவி சக்கிலயே இருக்கும்."

அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

அதுவரை தனியாகவே கேட்டுக்கொண்டிருந்தவர், போன மாதம் ஒருநாள் சமையலறை வாசலில் வந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. "காது சுத்தமா அடைச்சுப்போச்சு. அண்ணன் சொல்றாரா இல்லையான்னே தெரியல. நீ வந்து நில்லு. அவர் சொன்னதும் தலையாட்டு."

மாட்டேன் என்றால் குத்துமதிப்பாகத் தட்டிவிடுவார். போனாள். கொண்டை போட்டு, முந்தானையை இறுகச் செருகி, அண்ணனின் பழைய பட்டறைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். முதலில் சில நாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள். சாவி எப்போதும் ஆணியில் இருந்தது. பிறகு எட்டிப் பார்ப்பதும் நின்றுபோனது. அவர் கேட்பார், இவள் அடுப்பில் வைத்த பாலை நினைத்துக்கொண்டே ஆட்டிவிட்டு வந்துவிடுவாள். வீட்டில் எத்தனையோ வேலை, இதுவும் ஒன்று.

இன்று மத்தியானம் ஒரு பம்புத் தண்டு அவசரமாக வந்தது. கொண்டுவந்தவர் வாசலில் நின்று பறந்துகொண்டிருந்தார். கடைசல்காரர் தண்டை மாட்டி, இறுக்கி, விறுவிறுவென்று சுவிட்சுக்குப் போனார்.

"அண்ணே, எடுத்தாச்சா?"

கதவோரம் நின்ற அவள் தலையாட்டப் போனாள். கழுத்து அசையவில்லை. பட்டறை என்றும் போல அமைதியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஏதோ ஒன்று குறைந்தது. அவர் கேள்விக்கும் அவள் தலையாட்டலுக்கும் நடுவே தினமும் மெல்லிய குரல் போல ஏதோ ஒன்று காதில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுத்தான் இத்தனை நாளும் ஆட்டியிருக்கிறாள். இன்றைக்கு அது வரவில்லை.

"இருங்க!" என்று கையை உயர்த்தினாள். குரல் அவருக்கு எட்டியிருக்காது. கை தெரிந்தது. சுவிட்சிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, மெஷினைச் சுற்றிப் போனார்.

சாவி சக்கில் நின்றது.

அவர் திடுக்கிடவும் இல்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. சாவியை உருவி ஆணியில் மாட்டினார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி சுவிட்சடிக்கு வந்து நின்றார்.

"அண்ணே, எடுத்தாச்சா?"

இந்த முறை அது வந்தது. அவள் புருஷன் பக்கம் திரும்பவில்லை. யாரும் இல்லாத தடுப்பின் அந்தப் பக்கத்தைப் பார்த்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மெதுவாகத் தலையாட்டினாள்.