இரவல் மூக்கு

செய்தி வந்தபோது நான் வாணியம்பாடியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். இலையில் பாயசம் விழுந்திருந்தது. ஏலக்காய் தூக்கல், முந்திரி ஒரு பக்கம் லேசாகத் தீய்ந்திருக்கிறது, அடியில் எங்கோ பச்சைக் கற்பூரம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு ராமன் என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும்தான். ஆனால் அந்த வாசனைகளைப் பத்திரமாகப் பெங்களூருக்கு எடுத்துப்போய் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் முதலாளி போனில் வந்தார். துக்கம் வந்தால் அவருக்குத் தமிழ் மறந்துவிடும். "ஆல்பர்ட் ஹோகிபிட்டா" என்றார் கன்னடத்தில். போய்விட்டார். காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். துணி கருகவில்லை.

தொம்மலூரில் எங்கள் கடைக்கு மரம் அறுக்கும் மெஷினையோ புல்வெட்டியையோ தூக்கிக்கொண்டு வந்த யாரும் ஆல்பர்ட் அண்ணனை மறந்திருக்க மாட்டீர்கள். கிரீஸும் பெட்ரோலும் மிதக்கும் அந்த இடத்தில் வெள்ளைச் சட்டையோடு ஒரே ஒரு ஆள் நின்றிருப்பார். நீலக் கோட்டுக்கு மேலே காலர் மட்டும் தெரியும். பையில் சீப்பு, கழுத்தில் பவுடர். தங்கவயலிலிருந்து வந்தவர், ஆஸ்டின் டவுனில் வீடு. அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. "சொரங்கத்துல காத்து கெட்டுப்போனா மொதல்ல கண்டுபுடிச்சது எங்க வம்சம். இது சும்மா மூக்கு இல்ல குரு" என்று யாரும் கேட்காமலே சொல்வார். பெங்களூரில் எதிரே நிற்கிற எவரும் குருதான். முதலாளியும் புது வாடிக்கையாளர்களிடம் கன்னடம் கலந்து "ஆல்பர்ட் மூகு நம்ம கடை ஆஸ்தி" என்று காட்டுவார். நான் கல்லாவில் பில் போடுகிறவன். பத்திரிகைகளில் அவ்வப்போது நகைச்சுவை எழுதுகிறேன் என்பதற்காக அவர் எனக்கு வைத்த பெயர் கவிஞர். ஒரு கவிதைகூட எழுதாமல் கிடைத்த பட்டம்.

மரம் அறுக்கும் மெஷினுக்கு எண்ணெய் குடிக்கத் தனி வாய் இல்லை. பெட்ரோலோடு கலந்து கொடுத்தால்தான் அதன் உள்ளுறுப்புகள் உயிரோடு இருக்கும். எவ்வளவு என்பதில்தான் உலகத்துச் சண்டையெல்லாம். ஐம்பதுக்கு ஒன்று என்பார் ஒருவர்; எங்கப்பா காலத்திலிருந்து இருபத்தைந்துக்கு ஒன்றுதான் என்பார் இன்னொருவர். அண்ணன் இருவருக்கும் ஒரே தீர்ப்பு வைத்திருந்தார். "மெஷினோட கூட வந்த புக்குல என்ன போட்டிருக்கோ அது. புக்கு தொலைஞ்சுபோச்சுன்னா எங்கிட்ட வா. பக்கத்து வூட்டுக்காரங்கிட்ட போவாத." அளவு தெரியாமல் திண்டாடுகிறவர்களுக்கு ஆறுதலாக இன்னொன்றும் சொல்வார்: "எண்ணெய் கூடிப்போனா பொகை வரும். கொறஞ்சுபோனா மெஷின் சாவும். பொகைக்கு இருமிக்கலாம்." இதை அவர் குடும்ப வாழ்க்கைக்கும் பொருத்திச் சொன்னதுண்டு. எதை எண்ணெய் என்றார் என்று ரெஜினா அண்ணி இருக்கும்போது நான் கேட்டதில்லை.

ஆனால் கூட்டம் வந்தது அளவுக்காக அல்ல. மூலையில் கிடந்த கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது ஓட்டலாமா?" என்று கேட்பதற்காக. எப்போது கலந்தது, யார் கலந்தது, ஒன்றும் தெரியாது. இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுத்துக்கொண்டு சீக்கிரம் கெட்டுப்போகிறது. அண்ணன் ஒரு சொட்டைக் காகிதத்தில் விடுவார். பெட்ரோல் பறந்ததும் மிஞ்சுகிற எண்ணெய்க் கறையைப் பார்ப்பார். விரலில் தேய்ப்பார். கடைசியில் மூடியைத் திறந்து, தூரத்திலிருந்து உள்ளங்கையால் காற்றை மெல்லத் தன் பக்கம் விசிறி, கண்களை மூடுவார். கடையே ஒரு நொடி மூச்சைப் பிடிக்கும். ஒருமுறை ஈஜிபுராவிலிருந்து திருவிழாக் கமிட்டி ஆள் ஒருவர் வந்தார். மெஷினின் அறுக்கும் சங்கிலிக்கு மேலே விட வேண்டிய பிசுக்கெண்ணெயைப் பெட்ரோலில் கலந்திருந்தார். அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "தலைக்குத் தடவுற எண்ணெயைக் குடிச்சுட்டீங்களே சார்" என்றார். அந்த ஆள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

ஊரெல்லாம் காய்ச்சலில் அடங்கிக் கிடந்த காலம் முடிந்து கடை திறந்தபோது அண்ணனும் அதில் விழுந்து எழுந்து இளைத்துப்போய் வந்தார். முதல் வாரமே ஒருவர் கேன் கொண்டுவந்தார். அண்ணன் வழக்கம்போல விசிறினார், கண் மூடினார், "பேஷா ஓடும்" என்றார். கல்லாவிலிருந்த எனக்கே புளித்த பழைய வார்னிஷ் நெடி மூக்கில் ஏறியது. "அண்ணே, அது வேணாம்" என்று எழுந்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. திருவிழாவில் கை விட்டுப்போன குழந்தையின் பார்வை.

சாயங்காலம் டீக்கடையில் தம்ளரை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே தூறல். "இது டீயா வெந்நீயான்னு தெரியல கவிஞரே. எல்லாம் ஊமையா கீது" என்றார். பிறகு மெதுவாக, "முதலாளிக்குத் தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்ப மாட்டாரு. ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வெப்பாரு. அது வேணாம். ரெஜினாவுக்கும் தெரிய வேணாம்" என்றார். அன்றிலிருந்து என் மூக்கு இரவலுக்குப் போயிற்று.

என் முதல் அறிக்கை படுதோல்வி. ஒரு கேனை முகர்ந்துவிட்டு, "ஏமாந்த காதலனோட பெருமூச்சு மாதிரி இருக்குண்ணே" என்றேன்.

"அது எத்தினி நாள் பழசு?"

நான் மறுபடி கேன் பக்கம் மூக்கை நீட்டினேன்.

"கதை வேணாம். வாசனையச் சொல்லு."

எந்தப் பத்திரிகை ஆசிரியரும் என்னை இவ்வளவு சுருக்கமாகத் திருத்தியதில்லை. வாடிக்கையாளர் முன்னால் பேச முடியாது என்பதால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் விசிறி முடித்து, "கவிஞரே, டீ சொல்லலாமா?" என்பார். நல்ல கலவை என்றால் நான் "டீ சொல்லலாம்" என்பேன். கெட்டது என்றால் "பால் திரிஞ்சுபோச்சுண்ணே." எங்கள் கடைக்கு வாய்த்த பால்காரனைப் பற்றித் தொம்மலூர் முழுக்கக் கெட்ட பெயர் பரவியது. இரக்கப்பட்ட ஒரு அபார்ட்மெண்ட் செயலாளர் தன் கேனோடு இரண்டு பாக்கெட் பாலும் வாங்கி வந்தார். அவர் கேனும் திரிந்துதான் இருந்தது. பாலைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதைச் சொல்லவேண்டி வந்தது.

கொஞ்ச நாளில் கேன்கள் போதவில்லை அவருக்கு. மழைக்கு முன்னால் ஷட்டர் பக்கம் நின்று, "இப்ப இன்னா வாசனை?" என்பார். சோதனைக்காக மெஷினை முடுக்கி அணைத்த பிறகு, நீலப் புகை வாசல் மரத்தின் கிளைகளுக்குள் ஏறிக் கரையும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு நான் சொல்வேன்: இனிப்பு, சூடு, கொஞ்சம் மெழுகுவர்த்தி அணைத்த மாதிரி. அவர் தலையை ஆட்டுவார். அந்தப் புகைக்குள் அவர் எங்கே போய் வந்தார் என்று எனக்குத் தெரியாது. போய் வந்தார் என்பது மட்டும் தெரியும்.

மத்தியானம் அவர் டிபன் கேரியரையும் நான்தான் முகர வேண்டும். அதை மனப்பாடம் செய்துகொண்டுபோய் ராத்திரி வீட்டில் ஒப்பிப்பார். கல்யாணமான நாளிலிருந்து "ம்" என்பதைத் தவிர வேறு விமர்சனம் வைக்காத மனிதர், "வெந்தயம் பதமா பொரிஞ்சிருந்துச்சு ரெஜி" என்று சொன்னால் எந்த மனைவிதான் மலைக்கமாட்டாள்? அடுத்த வாரமே கேரியரில் ஒரு அடுக்கு கூடியது. அது எனக்கு. ஒருநாள் எனக்குக் கடும் ஜலதோஷம். வஞ்சிரமீன் குழம்பைக் கண்ணால் பார்த்துவிட்டு, "கறிவேப்பிலை கமகமன்னு இருக்கு" என்று அடித்துவிட்டேன். அன்று தெருவில் எங்கும் கறிவேப்பிலை கிடைக்காமல் அண்ணி போடவே இல்லையாம். மறுநாள் அண்ணன், "ஜலதோஷம்னா லீவு போடு. என் குடும்பத்துல கைய வெக்காத" என்றார்.

வாணியம்பாடிக்குக் கிளம்புவதாகச் சொன்னபோது, "நீ போனா நான் மூக்கறுந்து நிக்கணும்" என்று முனகினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் போன் செய்தார். மழையில் வீட்டுப் பின்புறத்துப் பட்டர் ஃப்ரூட் மரத்தின் கிளை முறிந்து பின்வாசலை அடைத்துக்கொண்டதாம். ஞாயிற்றுக்கிழமை அறுக்கப் போகிறாராம். வீட்டில் கிடந்த பெட்ரோலில் எண்ணெயும் கலந்துவிட்டாராம்.

"அந்தப் பெட்ரோல் எப்ப வாங்குனதுண்ணே?"

"நெனப்பு இல்ல."

"நான் வர்ற வரைக்கும் இருங்க. முகர்ந்து பாத்துட்டு ஓட்டலாம்."

"இல்ல குரு. ஒரு தபா நானா பண்ணிப் பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் அவர் இல்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து ஆஸ்டின் டவுன் வீட்டுக்குப் போனேன். பின்வாசலில் கிளை அப்படியே கிடந்தது. இலைகள் சுருண்டு, சமையலறைக்குள் பச்சையும் பழுப்புமாக ஒரு வெளிச்சம், குளத்தடியில் நிற்பதுபோல. அண்ணி அவருடைய மெஷினையும் கேனையும் எடுத்துவைத்திருந்தார். கேனில் ஒட்டிய டேப்பில் ஐம்பதுக்கு ஒன்று என்று அவர் கையெழுத்து.

"என் தம்பி அறுக்குறேன்னு வந்து நிக்குது. புதுசா கலக்க வேணாம்னு சொல்லிட்டேன். இதுலயே ஓடட்டும். ஆனா அது கெட்டதா இருந்து அவரு மெஷின் போயிடக் கூடாது பாருங்க. நீங்க சொல்லுங்க தம்பி."

கேன் முன்னால் உட்கார்ந்தேன். மூடியைத் திறந்தேன். அவரைப்போலவே உள்ளங்கையால் விசிறினேன். ஒன்றும் வரவில்லை. வாணியம்பாடியிலிருந்து பஸ்ஸிலும் கல்லறையிலும், இப்போது இந்த வீட்டு வாசலிலும் அழுது அழுது என் மூக்கு கல்லாக அடைத்துக்கொண்டிருந்தது. உலகத்தில் ஒரே ஒரு கேனுக்கு நான் பதில் சொல்லவேண்டிய நேரத்தில் நானும் ஆல்பர்ட் ஆகிவிட்டேன். நல்லா இருக்கு அண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. கதை வேணாம் என்று யாரோ சொன்னார்கள்.

"அண்ணி, எனக்கு ஒண்ணும் தெரியல" என்றேன்.

அண்ணி என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எட்ட நின்றே விசிறினார். ஒருமுறை. இன்னொருமுறை. கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சமையலறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"டீ சொல்லலாம் தம்பி" என்றார்.

"அண்ணி, அது எங்க கடைப் பேச்சாச்சே" என்றேன்.

"கறிவேப்பிலை போடாத அன்னைக்கே மாட்டிகிட்டாரு. எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ஒங்களுக்குத் தெரிஞ்சா வெக்கப்படுவீங்கன்னு நாங்க ஒங்ககிட்ட சொல்லிக்கல." பிறகு கேனைத் தன் தம்பியிடம் நகர்த்தினார். "இத்தினி வருசமா அவரு சட்டையத் துவைக்கிறேன். நல்லது எது, கெட்டது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

மெஷின் இரண்டாவது இழுப்பில் எழுந்தது. மெல்லிய நீலப் புகை. கிளை துண்டு துண்டாக விழ விழ, சமையலறைக்குள் வெயில் தவணையில் வந்தது. அண்ணன் தானாகவே கலந்தது சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதை அவரிடம் சொல்ல ஆளில்லாமல் நாங்கள் மூவரும் புகை கலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சீப்பு, கோட்டு எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. என்னிடம் இருப்பது அவருடைய கேள்வி ஒன்றுதான். தெருவில் நடக்கும்போது, பஸ் ஜன்னலோரத்தில், கடை ஷட்டரைத் தூக்கும்போது, பக்கத்தில் யாரோ "இன்னா வாசனை?" என்கிறார்கள். நான் சொல்லிவிடுகிறேன். மூக்கு திறந்துவிட்டது அண்ணே. இன்று காலை ஈர மண். எதிரே காபிக்கொட்டை அரைக்கிறார்கள். கல்லாப் பெட்டியில் இரும்பு. நீங்கள் நின்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் பவுடர்.