பின் சீட்டு யாருக்கு?

ஜெசிந்தா ஒரு பொய்க்காரி.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம் சனிக்கிழமையோடு போய்விட்டது. இன்று புதன். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு சான் ரமோனில் என் வீட்டு வாசலில் நிற்பேன் என்றாள். நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்குவதாக இருந்த ஒரு பழைய விமானத்தைப் பார்க்கப் போக வேண்டும். ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றி வைத்தேன். இரண்டு பேருக்கு. ஏழரைக்கு நானே போன் போட்டேன்.

"அக்கா, இன்னைக்கு முடியாதுக்கா. சின்னவனுக்கு கராத்தே. சாயங்காலம் வீட்ல ப்ரேயர் மீட்டிங் வேற."

"போன வாரம் என்ன இருந்துச்சு?"

"போன வாரம் எனக்கு டியூட்டில்லா?"

"அதுக்கு முந்தின வாரம்?"

"ஐயோ, லிஸ்ட் எடுத்துட்டு உக்காந்திருக்கீங்களாக்கா?"

"ஜெசி, இந்த ப்ளேன்ல நீ இருக்கியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

 அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது.

"பாப்போம்க்கா."

பார்ப்போம்! அமெரிக்காவுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. கிரீன் கார்டு வாங்கினோம், வீடு வாங்கினோம்... முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்ல மட்டும் நம்மில் ஒருத்தருக்கும் வரவில்லை. டின்னருக்குக் கூப்பிட்டால் பார்ப்போம். கோயிலுக்குக் கூப்பிட்டால் பார்ப்போம். கூப்பிட்டவர் நாலு தடவை அலைந்து, தானாகவே புரிந்துகொண்டு, அவமானத்தைத் தானே துடைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் மரியாதையாம்.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஆபீஸில் டேட்டாபேஸ் மேய்க்கிறேன். ஜெசி நர்ஸ், நாகர்கோவில்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஆறு வருடத்துக்கு முன் விமானம் ஓட்டும் வகுப்பில் பார்த்துக்கொண்டோம். வகுப்பில் பெண்களே நாங்கள் இரண்டு பேர்தான். முதல்முறை தனியாக ஓட்டி இறங்கியவரின் சட்டை முதுகை வெட்டி, அதில் தேதி எழுதிக் கொடுப்பது இங்கே வழக்கம். என் குர்தாவை வெட்டியது ஜெசி. அந்தத் துணி இன்னும் என் சமையலறைச் சுவரில் இருக்கிறது.

அவளுக்கும் எனக்கும் ஒரே பைத்தியம். ரன்வே இல்லாத இடத்தில் இறங்குவது. ஆற்றோரக் கூழாங்கல் திட்டு, வறண்ட ஏரி, மலைமேல் ஒரு புல்வெளி... புஷ் ஃபிளையிங் என்பார்கள். அதற்குப் பழைய சின்ன விமானம் ஒன்றை வாங்கி, பெரிய பலூன் டயர் மாட்டி, இறக்கையில் சில வேலைகள் செய்து, அரசாங்க அனுமதியும் வாங்க வேண்டும்.

இதைப் பொங்கல் பாட்லக் விருந்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். "ஏன் ஆன்ட்டி, ப்ளேன்லயே மாலுக்குப் போறதுக்கா?" என்று ஒரு இளைஞர். அப்போது சாம்பார் சாதத் தட்டோடு எழுந்து நின்றவள் ஜெசி. "நானும் அக்காவும் சேந்துதான் வாங்கப் போறோம். ஃபர்ஸ்ட் ரைடு கேட்டு யாரும் வந்துராதீங்க!" என்றாள். நாற்பது பேர் முன்னால். அன்று எனக்கு எப்படி இருந்தது என்று எழுதினால் அசிங்கமாக இருக்கும். விடுங்கள்.

சனிக்கிழமை நான் மட்டும் போனேன். இரண்டு மணி நேர டிரைவ். மெக்கானிக் டோனா காத்திருந்தார். வாங்குவதற்கு முன் விமானத்தைப் பிரித்துப் பார்த்துச் சொல்ல நான் அமர்த்தியவர். அறுபது வயது, கையெல்லாம் கிரீஸ், சிரிப்பே கிடையாது. எனக்குப் பிடித்தது.

நாங்கள் தேர்ந்தெடுத்திருந்தது நாலு சீட்டு விமானம். வெள்ளையில் நீலக்கோடு, புதுப் பெயின்ட், உள்ளே தோல் சீட்டு. போட்டோ பார்த்தே மயங்கியிருந்தோம். டோனா பெயின்ட்டைப் பார்க்கவே இல்லை. எப்போது எவ்வளவு பறந்தது என்று எழுதி வைக்கும் லாக் புத்தகத்தைத்தான் பார்த்தார்.

"இது ஒன்பது வருடம் ஹாங்கர் கொட்டகையில் சும்மா நின்றிருக்கிறது. பறக்கிற எஞ்சின் தேயும். நிற்கிற எஞ்சின் உள்ளே துருப்பிடிக்கும். எனக்குத் தேய்மானம் பரவாயில்லை" என்றார் ஆங்கிலத்தில்.

பிறகு கேட்டார்: "பின் சீட்டு இரண்டையும் முதலில் கழற்றிவிடலாமா?"

"எதற்கு?"

"வெயிட். நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு கூழாங்கல்லில் இறங்கி, திரும்ப ஏற முடியாது. பின்னால் யார் உட்காரப் போகிறார்கள்?"

 

யார் உட்காரப் போகிறார்கள்? ஜெசியின் வீட்டுக்காரருக்கு லிஃப்டில் போனாலே தலை சுற்றும். என் வீட்டுக்காரர் வேலைக்காக நியூ ஜெர்சி போய் மூன்று வருடம். மான்மவுத் ஜங்ஷனில் ஒரு அபார்ட்மென்ட், மாதத்துக்கு ஒருமுறை இங்கே வருகிறார். சண்டை இல்லை. பேச்சும் இல்லை. மகன் டெக்சாஸில். "அம்மா, இஸ் தட் ஈவன் சேஃப்?" என்று கேட்டதோடு சரி.

ஆனாலும் நாலு சீட்டு வேண்டும் என்று அடம்பிடித்தவள் நான்தான். நம் புத்தி அது. ஊரிலிருந்து யாராவது வந்தால்? என் வீட்டில் ஏழு பேர் உட்காரும் வேன் பதினோரு வருடமாக நிற்கிறது. மூன்றாவது வரிசையை இரண்டு தடவை தொட்டிருப்பேன். அதில் ஒரு தடவை சோபா ஏற்ற மடித்தது. வராதவர்களுக்காக இடம் விட்டு விட்டே ஒரு வாழ்க்கையை வாங்கி வைத்திருக்கிறோம்.

டோனா என்னைப் பக்கத்து ஹாங்கருக்குக் கூட்டிப்போனார். அதுவும் விற்பனைக்குத்தான். தகட்டுக்குப் பதில் துணியை இழுத்து ஒட்டிச் செய்த மஞ்சள் விமானம், என்னைவிட வயதானது. மஞ்சள் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் ஒரு மாதம்கூடத் தவறாமல் பறந்திருக்கிறது. வால் பக்க இரும்புக் குழாய்களை டார்ச் அடித்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். துரு இல்லை. வாலுக்கடியில் குட்டிச் சக்கரம், எடை குறைவு, பெரிய டயருக்கென்றே பிறந்தது.

இரண்டே சீட்டு. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று.

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கச்சிதமாக இருந்தது. பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தேன். கிழிந்த பெல்ட் ஒன்று காலி சீட்டின்மேல் கிடந்தது.

"இதை எடுத்துவிட்டால் டென்ட், தண்ணீர், கூடுதல் பெட்ரோல் வைக்கலாம். தனியாகப் போகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்" என்றார் டோனா. குத்திக்காட்டவில்லை. பதில் வேண்டியிருந்தது அவருக்கு.

"சொல்கிறேன்" என்றேன். எனக்கும் 'பார்ப்போம்' வந்துவிட்டது, பாருங்கள்!

திரும்பும் வழியில் ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தி இரண்டு பேர் காபியையும் நானே குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

தனியாகப் பறக்க எனக்குப் பயமில்லை. வறண்ட ஏரியில் தனியாக உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரு காரணமாவது இருக்கும். நாலு பெட்ரூம் வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதற்கு என்ன காரணம்? ஆனால் டயர் கல்லில் உரசி, எஞ்சினை அணைத்து, காது அடைத்துப்போகும் அந்த அமைதியில், "பாத்தியாடி!" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதைக்கூடப் பார்ப்போம் என்றால் எப்படி?

மஞ்சள் விமானத்தை வாங்கப்போகிறேன், ஜெசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஞாயிற்றுக்கிழமை டோனா ஸ்பேனரோடு காத்திருப்பார். பின் சீட்டைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஜெசி, இதை நீ படிப்பாய். எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பாதே. போன் போட்டு அழாதே. நீ சொன்னது நாற்பது பேர் முன்னால். அந்த நாற்பது பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில், ஞாயிறு காலைக்குள் எழுது. முடியாது என்றால் முடியாது என்று எழுது, சாக மாட்டேன்.

சீட்டு இருக்கட்டுமா, கழற்றட்டுமா?