விதைப் பொட்டலத்தின் பின்பக்கம்

எங்கள் ஆலைக்குள் போன் கொண்டுபோக அனுமதி இல்லை. வாசலில் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்று அழுத்தம் அளக்கிற ஒரு பிரஷர் கேஜ் காலையிலிருந்தே என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அதோடு மல்லுக்கட்டி முடித்து, ஷிஃப்ட் விட்டு வெளியே வந்து போனை எடுத்தால், நம் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கும்பிடுகிற கைகள். யாருக்கு என்று தெரியவில்லை. விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனேன். பாலா ஒரு புடலங்காயைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு சிரிக்கிற படம். அதைச் சுற்றி யாரோ பூமாலை வரைந்திருந்தார்கள். எனக்குச் செய்தி வந்தது இப்படித்தான். கடலூரிலிருந்து சிதம்பரம் வரும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "ஒடம்பு சரியில்லையா தம்பி?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

பாலா என்கிற பாலமுருகனை உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. டிப்ளமோ படித்து, சிதம்பரத்தில் வீட்டு பிளான் போட்டுக் கொடுத்துப் பிழைத்தவர். இந்தக் குழுவைத் தொடங்கியவர். ஞாயிற்றுக்கிழமையானால் நம்மையெல்லாம் சைக்கிளிலும் படகிலும் இழுத்துக்கொண்டு அலைந்தவர். நாற்பதைத் தாண்டி அதிகம் போகவில்லை. எதைப் பார்த்தாலும் அதில் வாழ்க்கைக்கு ஒரு பாடம் கண்டுபிடிப்பார். எனக்கு அந்தப் பழக்கம் அறவே ஆகாது. அது அவருக்கும் தெரியும்.

அவர் போன மறுநாள் கல்யாணி அக்கா, அதாவது நம் குழுவை இப்போது பார்த்துக்கொள்கிற தையல்கடைக் கல்யாணி அக்கா, ஒரு யோசனை சொன்னார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு புடலை விதைப் பொட்டலம் கொடுக்கலாம், அதன் பின்பக்கம் பாலா எப்போதும் சொல்லும் "பொறு. செடிக்குத் தெரியும்" என்ற வார்த்தையை அச்சடிக்கலாம். எல்லோரும் ஆமாம் போட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் பாலாவின் மனைவி சுமதி எனக்குப் போன் செய்தார். "அந்த வார்த்த மட்டும் வேணாம்னு சொல்லுங்க தம்பி. நான் சொன்னா ஏன்னு கேப்பாங்க. என்னால சொல்ல முடியாது." ஏன் என்று நான் சொல்கிறேன். அந்த வார்த்தை அச்சாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அவரை முதலில் பார்த்தது தக்காளியால். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஈரத்தை அளந்து தானாகவே தண்ணீர் விடுகிற ஒரு அமைப்பைச் செய்து வைத்திருந்தேன். கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். இரண்டு பேரும் ஒரே நாற்றை எடுத்து நட்டோம். அந்த வெயிலில் என் தக்காளி காய்த்தது. அவருடையது கருகிவிட்டது. இதில் பாடம் சொல்ல யாருக்காவது உரிமை இருந்தால் அது எனக்குத்தான். ஆனால் அவர் கருகிய செடியைக் கையில் வைத்துக்கொண்டு, "பாத்தியா மச்சான், நான் ஜாஸ்தி ஆசப்பட்டுட்டேன். அது சொல்லிக் குடுத்துட்டுப் போயிடுச்சு" என்றார். "அது ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. நீ தண்ணி ஊத்தல" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் வந்தார்.

"பொறு" என்பது அவர் வாயில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் ஒரு உப்பங்கழியில். அவருடைய மாமா மகனின் ஃபைபர் படகில் போனோம். தண்ணீர் வற்றுகிற நேரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார். படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. சுற்றிலும் அலையாத்தி வேர்கள், தலைக்கு மேல் வெயில்.

"ஏன் பாலா, மீனவர் வூட்டுப் புள்ளன்னு நம்பித்தானே ஏறுனோம்? தண்ணி எப்ப வத்தும்னு கூடவா தெரியாது?" என்றார் கல்யாணி அக்கா.

"தெரியும்க்கா. வத்துன பொறவு தெரிஞ்சிச்சி."

"வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல. எறங்கி நடக்கலாம்னா இடுப்பு மட்டும் சேறு!"

"ஏன் நடக்கணும்? ஒக்காருங்க. புளிசாதத்தப் பிரிங்க."

நான் கழியை எடுத்து ஊன்றித் தள்ளினேன். எனக்குச் சும்மா உட்கார வராது. தள்ளத் தள்ளக் கழிதான் உள்ளே போனது. பிடுங்கப் போய் ஒரு செருப்பும் போனது. "மச்சான், விட்டா நீ பூமிக்கு அந்தப் பக்கம் போயிடுவ போல இருக்குது. பொறு. தண்ணிக்குத் தெரியும்" என்றார். சாப்பிட்டோம். அக்கா ஒரு தூக்கமே போட்டார். வெயில் இறங்குகிற நேரம் படகு மெல்ல அசைந்தது. எல்லோரும் கை தட்டினீர்கள். தண்ணீரை வரவழைத்ததே தான்தான் என்பது போல பாலா படகு முனையில் நின்றுகொண்டிருந்தார். கடல் ஏறுகிற நேரம் ஏறியது. நாம் பொறுத்ததற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை அன்றே சொன்னேன். யாரும் கேட்கவில்லை. தண்ணீருக்குச் சொன்னது கொஞ்ச நாளில் செடிக்கு மாறியது. இலை மஞ்சளானால் உடனே உரம் வைக்காதே, மருந்தடிக்காதே, வேரைத் தோண்டிப் பார்க்காதே. பொறு. செடிக்குத் தெரியும்.

ஒரே ஒரு இடத்தில் அவர் பாடம் எதுவும் எடுக்கவில்லை. ஒரு ஞாயிறு சைக்கிளில் தேவனாம்பட்டினம் போயிருந்தோம். புதிதாகச் சேர்ந்த ஒருவர், "சார், கடலுகிட்ட நாம கத்துக்கிட வேண்டியது என்ன?" என்று ஆசையாகக் கேட்டார். பாலா கேட்காதவர் போல வலைகளைத் தாண்டி நடந்துபோய்விட்டார். திரும்பும்போது என் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: "சுனாமி அன்னிக்கு என் தங்கச்சி கரையில மீன் வாங்க நின்னுக்கிட்டிருந்தா மச்சான். நான் டவுன்ல இருந்தேன். அதுக்கப்புறம் எத்தினியோ வாட்டி அந்தக் கடல் முன்னாடி போயி ஒக்காந்து பாத்துட்டேன். அது ஒண்ணும் சொல்லல. வந்துச்சு, போச்சு." டியூபை அமுக்கிப் பார்த்தார். "போதும், ஏறு" என்றார்.

போன மழை முடிந்த சமயத்தில் அவர் கண் மஞ்சளாக இருந்தது. முதலில் பார்த்தது சுமதி. "காமாலை. கீழாநெல்லி சாப்ட்டா போயிடும்" என்றார் பாலா. நம் பக்கத்தில் யாருக்குக் காமாலை வந்தாலும் முதலில் செய்வது அதுதான். விடிந்ததும் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடிப்பது, உப்பில்லாத பத்தியம். அவருக்கு அதில் பெருமை வேறு. "இத்தினி வருஷமா களைன்னு புடுங்கிப் போட்டேன். என் மருந்து என் தொட்டியிலயே மொளைக்குது பாரு." கேள்விப்பட்டு நீங்களும் கொண்டு வந்தீர்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு கட்டு வந்தது, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. ஈரத்துணியில் சுற்றி அடுக்களை ஓரமாக வைத்திருந்தார்கள்.

மஞ்சள் குறையவில்லை. சட்டை தொளதொளத்தது. பேசிக்கொண்டே முழங்கையைப் பறட்டுப் பறட்டென்று சொறிவார். "ரத்தம் குடு, ஸ்கேன் எடு" என்றேன். "ஒரு கேஜ் ஏறிக்கிட்டே போனா எவனாவது பொறுன்னு ஒக்காருவானா?"

"நீ எல்லாத்தையும் மிஷினாப் பாக்குற மச்சான்."

"நீ எல்லாத்தையும் செடியாப் பாக்குற."

"செடியாப் பாத்தா கோவம் வராது, பாரு" என்று சிரித்தார்.

சுமதி எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார். "தம்பி சொல்றது சரிதாங்க. நாளைக்கே பாண்டிச்சேரி போயி ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாம்." அப்போது பாலா அவரிடம் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பொட்டலத்தில் போட நினைப்பது இதைத்தான்: "பொறு சுமதி. இல மஞ்சளாச்சேன்னு வேரத் தோண்டுவாங்களா? ஒடம்புக்குத் தெரியும்." சுமதி உள்ளே போய்விட்டார். அம்மியில் கீழாநெல்லி அரைக்கிற சத்தம் கேட்டது.

கடைசியில் பாண்டிச்சேரிக்குப் போனபோது கணையத்தில் கட்டி என்றார்கள். பித்தம் இறங்குகிற குழாயை அது நெரித்துக்கொண்டிருந்தது. குழாய் அடைப்பு எனக்குப் புரிகிற விஷயம். அடைப்பைத் திறந்து ஒரு சின்னக் குழாயை உள்ளே வைத்தார்கள். மஞ்சள் கொஞ்சம் இறங்கியது, அரிப்பு நின்றது. கட்டி வேறு இடங்களுக்கும் போய்விட்டிருந்தது. நான் டாக்டரைத் தனியாகப் பிடித்து, "முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கொஞ்சம் கூட நாள் கெடைச்சிருக்கலாம். கெடைக்காமலும் போயிருக்கலாம். இது அந்த மாதிரி எடத்துல வர்றது தம்பி."

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பொறுத்ததனால்தான் செத்தார் என்று கத்தலாம் என்று இருந்தேன். அதற்கும் வழியில்லை. பொறுக்காமல் ஓடியிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லவும் முடியாது. கல்யாணி அக்கா, நீங்களெல்லாம் கொண்டுவந்த கட்டுகள் அவரைக் கொல்லவில்லை. காப்பாற்றவும் இல்லை. ஆனால் நான் போய்ச் சொன்ன டாக்டரின் பதில் சுமதிக்குப் போதவில்லை. "கெடைச்சிருக்கலாம்" என்ற ஒரு சொல்லோடு அவர் அந்த வீட்டில் இருக்கிறார். வருகிற எல்லோர் கையிலும் "பொறு" என்று அச்சடித்துக் கொடுத்தால், அவர் எங்கே போய் ஒளிவார்?

பாலாவைக் கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரி வராந்தாவில், சக்கர நாற்காலியில். பக்கத்தில் ஒரு தொட்டியில் குரோட்டன்ஸ், பாதி காய்ந்தது. பழைய பாலாவாக இருந்தால் அதைத் தடவி ஏதாவது சொல்லியிருப்பார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னா, இந்த நோவுல ஒரு பாடமும் இல்லியா?" என்று கேட்டேன். கேலியாகத் தொடங்கியது, முடிக்கும்போது கேலியாக இல்லை.

"திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன் மச்சான். ஒண்ணும் சொல்லல."

"கடல் மாதிரியா?"

"ம்." பிறகு, "சுமதிகிட்ட சொல்லாத. அவளுக்கு நான் ஏதாவது சொல்லிக்கிட்டே இருக்கணும்" என்றார்.

இதை நான் சுமதியிடம் சொல்லிவிட்டேன். போன வாரம், அவர்கள் மொட்டைமாடியில். கத்தரி, மிளகாய், புடலைப் பந்தல் எல்லாம் காய்ந்து நின்றன. யாரும் தண்ணீர் விடவில்லை. இடையில் பெய்த ஒரு மழைக்குக் கீழாநெல்லி மட்டும் தொட்டிக்குத் தொட்டி பச்சையாக முளைத்திருந்தது. சுமதி குத்துக்காலிட்டு அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சொட்டுநீர்க் குழாய் போட்டுத் தருகிறேன், ஒரு மணி நேர வேலை என்றேன். "யாருக்கு தம்பி?" என்றார். நானும் உட்கார்ந்து பிடுங்கினேன். அப்போதுதான் சொன்னேன், அவர் ஒண்ணும் சொல்லல என்று சொன்னதை.

சுமதியின் கை நின்றது. "அப்ப அதுல ஒண்ணும் இல்லன்னு அவருக்கும் தெரிஞ்சிருக்குது" என்றார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "இது திரும்ப மொளைக்கும், இல்ல?" என்று தொட்டியைக் காட்டிக் கேட்டார். மொளைக்கும் என்றேன். அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார்.

ஆகவே விதையைக் கொடுங்கள். முன்பக்கம் புடலை என்று போடுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும்.

பாலாவின் தொட்டிகளில் ஒன்றைக்கூட நான் எடுத்துவரவில்லை. அவர் சொன்ன பாடங்களை அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. தண்ணீர் வந்தது, கட்டி வந்தது. இரண்டுக்கும் நம்மைப் பற்றி எதுவும் தெரியாது. என்னிடம் இருப்பது அந்த வராந்தாவில் அதற்கப்புறம் நடந்தது. "உப்பு போட்ட மோர் கெடைக்குமா மச்சான்?" என்று கேட்டார். அவ்வளவு நாள் உப்பில்லாமல் குடித்தவர். கேன்டீனில் வாங்கி வந்தேன். பேப்பர் கப்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார், அதற்கு மேல் முடியவில்லை. மீதியை என்னிடம் நீட்டினார்.

"உப்பு சரியா இருக்குது" என்றார்.