மக்வலா வீட்டுக்கு வழி

மலையூரான லஹ்மாரியின் மேல்தெருவில் மக்வலா நடத்தும் ஆறு அறை விடுதிக்கு அந்த நவம்பரில் வழி இல்லாமல் போயிற்று. வழி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பின்கதவிலிருந்து, மலைமேல் ஏற்றிவிடும் பனிச்சறுக்கு லிஃப்ட் வரை, புல்வெளி வழியாக முந்நூறு அடி. தங்க வருகிறவர்கள் சறுக்குப் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள். அதை நம்பித்தான், புருஷன் செத்த மறுவருஷம் பசுக்களை விற்று அறைகளைக் கட்டினாள்.

புல்வெளியை அவள் புருஷனின் சித்தப்பா மகன் பெகான், தலைநகர் திபிலீசியிலிருந்து வந்த ஓட்டல் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். கம்பெனி இரண்டு ஆள் உயரத்துக்கு இரும்பு வேலி போட்டது. மரவேலி என்றால் ஜனவரிப் பனியில் மூழ்கிவிடும், மேலே நடந்து போகலாம். பனி விழுந்தபின் யார் நிலம் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. இது பனி எவ்வளவு விழும் என்று விசாரித்துப் போட்ட வேலி.

இனி லிஃப்டுக்கு ஊரைச் சுற்றி நான்கு கிலோமீட்டர். பனிச்சரிவு பயத்தில் அந்தச் சாலையை வாரத்தில் மூன்று நாள் மூடிவிடுவார்கள். அவளுக்கு வரும் வெளிநாட்டுக் கடிதங்களுக்கு, விடுதியில் கூடமாட வேலை செய்யும் நான்தான் பதில் எழுதுவது. டிசம்பர் முதல் வாரத்திலேயே நான்கு பேர் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். படித்துச் சொல்லும்போது எனக்குக் குரல் தேயும்.

"ஏன்டா இழவுச் செய்தி மாதிரி படிக்கிற? உன் வீடா முழுகிப் போச்சு?" என்பாள்.

புல்வெளியில் பாதி அவளுடையது. ஆனால் தாள் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் நில அளவைக்காரர் வந்தபோது, இறைச்சி ரொட்டியும் சாராயமும் கொடுத்து, "இங்க எல்லாருக்கும் தெரியும், அளக்க வேணாம்" என்று அனுப்பிவிட்டாள். பக்கத்து வீட்டான் கண்ணெதிரே நிலத்தில் அளவு நாடா பிடிப்பது அவனைத் திருடன் என்பதற்குச் சமம். ஊரில் ஒருவரும் அளக்கவில்லை. பெகான் மட்டும் சத்தமில்லாமல் பட்டணத்துக்குப் போய் முழுதையும் தன் பேரில் பதிந்துகொண்டான்.

மிச்சமிருந்தது கோயிலில் உள்ள தேவதூதர் படம்தான். அதில் கைவைத்து, நிலம் முழுக்கத் தன்னுடையது என்று பெகான் சொல்லிவிட்டால் மக்வலாவும் அவள் பிள்ளைகளும் இனி வாய் திறக்கக் கூடாது. சொல்ல மறுத்தால், ஊரின் மூன்று மத்தியஸ்தர்கள் கேட்பதை அவன் கொடுத்தாக வேண்டும்.

மக்வலா அவனைச் சத்தியத்துக்குக் கூப்பிட்டுவிட்டாள். அவள் அண்ணன் ஜோகியாவுக்கு இது பிடிக்கவில்லை. "அவன் சத்தியம் பண்ணிடுவான்டி. பத்து வருஷம் பட்டணத்துல லாரி ஓட்டிட்டு வந்தவன். அவனுக்கு ஏது சாமி பயம்?"

"பண்ணட்டும்."

"பண்ணிட்டா நீ விடுதிய இழுத்துப் பூட்டணும்."

"பூட்டுறேன். அவன் வாயால கேட்டுட்டுப் பூட்டுறேன்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நிற்க இடமில்லை. பெகான் தோல் சட்டையில் சிரித்துக்கொண்டே வந்தான்.

"என்ன அண்ணி, ஆறு ரூமும் காலியாமே? பொழுது போகாம கூப்பிட்டீங்களா?"

"காலி பண்ணினதே நீதானே தம்பி. வா, கையை வை. சட்டுனு முடிஞ்சிடும்."

"எங்க அண்ணன் இருந்தா என்னை இப்படிக் கூப்பிட்டு நிறுத்தியிருப்பாரா?"

"மாட்டார். காலை உடைச்சிருப்பார்."

பின்னால் சிரிப்பு எழுந்தது. மத்தியஸ்தர்களில் மூத்தவரான முர்ஸா படத்தை நீட்டினார். செத்த அப்பன் பேரையும் பிறந்த மகன் பேரையும் சொல்லித்தான் சத்தியம் செய்ய வேண்டும். பெகான் தொப்பியைக் கழற்றினான். அப்பன் பேரைச் சொன்னான். கை படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மகன் பேர் வரவில்லை. தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

"எங்கிட்ட தாள் இருக்கு. அதுக்கு மேல என்னய்யா சத்தியம்?"

"அப்ப மாட்டேங்கிற," என்றார் முர்ஸா.

"மாட்டேன்னு எங்க சொன்னேன்?"

"அப்போ வை."

பெகான் வெளியே போய்விட்டான்.

மத்தியஸ்தர்கள் முதலில் ஓட்டல் மேனேஜர் ரெவாஸிடம் போனார்கள். வேலியில் ஒரு கதவாவது வைக்கச் சொன்னார்கள். "கையெழுத்துப் போட்டப்ப உங்க சாமிய அங்க காணோமே பெரியவரே," என்றான் அவன். பிறகு தீர்ப்புச் சொன்னார்கள்: விற்ற நிலம் திரும்பாது. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் பெகானின் வீட்டு முற்றம் லிஃப்ட் பாதையைத் தொடுகிறது. பனி இருக்கும் வரை மக்வலாவின் ஆட்கள் அதன் வழியாகப் போவார்கள். அகலம், சறுக்குப் பலகைகளை ஏற்றி இழுக்கும் ஒரு பனிவண்டி போகுமளவு. பனியைத் தள்ளிச் சுத்தமாக வைப்பது பெகான் பொறுப்பு.

இப்போது தினமும் காலை எட்டு மணிக்கு மக்வலா முன்னால் நடக்க, நான் பனிவண்டியை இழுத்துவர, வெளியூர்க்காரர்கள் கொட்டிலுக்கும் அவன் சமையலறை ஜன்னலுக்கும் நடுவே வரிசையாகப் போகிறார்கள். நாயை அவனே பிடித்துக் கட்டுகிறான். விவரம் தெரியாத ஒரு ஜெர்மன் பெண் இரண்டு நாள் அவனுக்குக் கையசைத்து வணக்கம் சொன்னாள்.

"அந்த ஆளுக்கு வணக்கம் சொல்லக் கூடாதுன்னு இங்கிலீஷ்ல எழுதி எல்லா ரூம்லயும் ஒட்டு," என்றாள் மக்வலா. ஒட்டினேன்.

நேற்று இரவு முழங்கால் அளவு பனி. ஆறு அறையும் நிறைந்து, பலகைகள் ஏற்றிய வண்டியோடு நாங்கள் போனபோது பெகான் பாதி தூரம்தான் வெட்டியிருந்தான். மக்வலா நின்றாள். பின்னால் பதினோரு பேரும் நின்றார்கள்.

"இன்னும் ஒரு முழம் அகலமா வெட்டு. வண்டி இடிக்குது."

"இத்தனை நாள் இடிக்கலியே?"

"இத்தனை நாள் வண்டி காலியா போச்சு."

அவன் அவளைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுக் குனிந்து வெட்டத் தொடங்கினான். அவன் முடிக்கும் வரை அவள் அசையவில்லை.