அம்பிக்கு யார் கொடுப்பது

மேற்கு மாம்பலத்திலிருந்த நீரஜாவுக்குத் தம்பி அம்பி என்றால் உயிர். அம்பிக்கோ கடைக்குட்டித் தங்கை ரஞ்சனிதான் உயிர். ராஜா அண்ணாமலைபுரத்தில் அவன் வீட்டுக்கு நீரஜா போனால் காபி வரும். சௌக்கியமா என்று விசாரிப்பான். பிறகு பேப்பரைப் பிரித்துக்கொள்வான். அடையாறிலிருந்து ரஞ்சனி வந்துவிட்டால் வீடே சிரிக்கும். நீரஜா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நாற்பத்தைந்து வயதுக்காரி, இருந்தும் அவளால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடிந்ததில்லை. ரஞ்சனி கட்டிவரும் புடவையில்கூட ஏதாவது குறை கண்டுபிடிப்பாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. டயாலிசிஸிலேயே காலம் தள்ள முடியாது, கூடப்பிறந்தவர்களில் ஒருவர் கொடுத்தால் நல்லது என்றார் டாக்டர். ரஞ்சனி யோசிக்கவே இல்லை, உடனே சரி என்றாள். அது நீரஜாவுக்குச் சுருக்கென்றது. தானும் பரிசோதனைக்குப் போனாள். முடிவு தெரியும்வரை கபாலீஸ்வரர் சன்னிதியில் அவள் வேண்டிக்கொண்டது தம்பி பிழைக்கவேண்டும் என்று மட்டுமல்ல. ரஞ்சனியுடையது பொருந்தக்கூடாது என்றும்தான்.

இருவருடையதும் பொருந்தியது. ரஞ்சனிக்குக் குழந்தைகள் சின்னவர்கள், அதனால் நான்தான் கொடுப்பேன் என்று நீரஜா ஒற்றைக்காலில் நின்றாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். அவள் கணவர் ஸ்ரீகிருஷ்ணா மட்டும் வீட்டுக்கு வந்ததும் நிஜக் காரணத்தைக் கேட்டார்.

"அவ குடுத்தா, ஆயுசுக்கும் அவ பெருமையைத்தான் பேசிண்டிருப்பான். என்னால அதைக் கேட்டுண்டு உக்கார முடியாது."

"டாக்டர்கிட்ட இதைச் சொல்லி வெக்காதே" என்றார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அம்பி பிழைத்து எழுந்து, வேலைக்கும் போகத் தொடங்கினான். ஆனால் அக்கா வந்தால் இப்போது எழுந்து நின்றான். தன் நாற்காலியைக் கொடுத்தான். பேப்பரைத் தொடுவதில்லை, கோயிலில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி கைகட்டி உட்கார்ந்திருப்பான், கண் கலங்கும். ரஞ்சனியோடு மட்டும் பழைய கேலியும் கூத்தும் அப்படியே நடந்தன. விலாவிலிருந்த தழும்பு இழுக்க, நீரஜா அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தும் இவளை ஜெயிக்க முடியவில்லையே என்று மனம் குமையும்.

ஒரு சாயங்காலம் ரஞ்சனி அவளோடு பஸ் ஸ்டாப்வரை நடந்து வந்தாள். ஸ்டாப்பில் நின்றதும் சொன்னாள்:

"உன்னைப் பார்த்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்குக்கா. நான்தான் முதல்ல குடுக்கறேன்னேன், நீ முந்திண்டுட்டே. இப்போ நீ கிளம்பிப் போனா அண்ணாவுக்கு உன் பேச்சுதான். நான் இருக்கறதே மறந்துபோயிடறது."

தங்கையின் குரல் உடைந்திருந்தது. தேற்றவேண்டும் என்று நீரஜாவுக்குத் தோன்றவில்லை. பஸ் வந்து நின்றது. ஏறாமல், ரஞ்சனியின் பக்கம் திரும்பினாள்.

"அப்படி என்னடி சொல்றான்?"

தான் டைபாய்டில் கிடந்த சிறுவயதில் அக்கா ஸ்கூலுக்குப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறியதைச் சொல்லிச் சொல்லி அழுகிறானாம். அதை அவன் மறந்தே போயிருப்பான் என்று நீரஜா இத்தனை வருஷம் நினைத்திருந்தாள்.

"இன்னும் என்ன சொன்னான்?" என்றாள். அடுத்த பஸ்ஸையும் விட்டாள்.